பெருச்சாளிக்காக 22 வருடம்

(நம் கிளப் ஹவுஸில் இரண்டாம் சனிக்கிழமை மாலைப் பேச்சு வரிசையில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இந்தத் தலைப்பை நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு, நேற்று லிஃப்டில் பி பிளாக் மாமா ஒருவர் என்னை நிறுத்தினார். "பேஸ்மென்ட் பெருச்சாளிக்கு ஒருவழியா ஆள் வரச் சொல்லியாச்சாம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். மன்னிக்கணும் மாமா. அது செயலாளர் சாருடைய இலாகா. நான் பேச வந்திருப்பது ஒரு வீடியோ கேம் பெருச்சாளியைப் பற்றி. அவன் பெயர் க்ராஷ் பண்டிகூட்.

பண்டிகூட் என்பதே நம் பக்கத்துச் சொல்தான். தெலுங்கில் பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலி. பந்திகொக்கு, அதாவது பன்றி எலி, நம் பெருச்சாளி. அதை ஆங்கிலேயர்கள் பண்டிகூட் என்று ஆக்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் கூர்மூக்கோடு, வயிற்றில் பையோடு ஒரு சின்னப் பிராணியைப் பார்த்து அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். க்ராஷ் அந்த ஆஸ்திரேலியக்காரன். ஆனாலும் பெயர் நம் ஊரிலிருந்து போனது என்பதால் எனக்கு அவன்மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை.

வீடியோ கேம் பழக்கமில்லாத பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. இதை பிளாட்பார்ம் கேம் என்பார்கள். சுடுவது, வெட்டுவது எல்லாம் முக்கியமில்லை. குதிக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், நகரும் பலகையில் சரியாகக் காலை வைக்க வேண்டும், விழுந்தால் ஒரு உயிர் போச்சு. நீங்கள் சாக்பீஸில் கட்டம் போட்டு ஆடிய பாண்டியேதான். கோட்டை மிதித்தால் அவுட்.

1999. திருச்சியில் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதிமூன்று. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு சாம்பல் நிற பிளேஸ்டேஷன் பெட்டியையும் ஒரே ஒரு கன்ட்ரோலரையும் கொண்டுவந்து கொடுத்தார். க்ராஷ் ஒருவர் ஆடும் ஆட்டம். பிள்ளைகளோ இரண்டு பேர். அம்மா ஒரு சட்டம் போட்டார்: "ஆளுக்கு ஒரு லைஃப். செத்தா கைமாத்தணும்." அந்தச் சட்டத்தில்தான் எங்கள் நான்கு கோடை விடுமுறைகள் கழிந்தன.

முதல் ஆட்டத்தில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. ஒரு போனஸ் சுற்றை முடித்தால்தான் அந்த வாய்ப்பே கிடைக்கும். எங்களிடம் மெமரி கார்டும் கிடையாது. திரையில் வரும் பாஸ்வேர்டை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அதில் எழுத்து இருக்காது. முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி இவைதான் வரிசையாக வரும். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அதுதான். டீச்சர் பார்த்துவிட்டு, "வடிவியல்ல இவ்வளவு ஆர்வமா?" என்று பாராட்டினார். நானும் மறுக்கவில்லை.

அதற்கு மேல் கரன்ட் கட். ஒரு மணி நேரம் போராடி போனஸ் சுற்று வரை வந்திருப்போம், ஃபேன் மெதுவாக நிற்கும் சத்தம் கேட்கும். டிவி அதற்கு முன்பே கறுத்திருக்கும். அண்ணன் கன்ட்ரோலரைப் பிடித்தபடி இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பான். ஜெனரேட்டர் வசதியோடு வளரும் நம் குடியிருப்புக் குழந்தைகளுக்கு அந்தச் சோகம் விளங்காது.

அதில் உடைந்த தொங்கு பாலத்தில் ஓடும் கட்டங்கள் உண்டு. பலகைகள் காலடியில் பெயர்ந்து விழும். எனக்கு அழுகையே வந்துவிடும். பலகையில் ஓடாமல், பாலத்தின் பக்கவாட்டுக் கயிற்றின்மேல் ஏறி நடந்து போகலாம் என்று அண்ணன்தான் கண்டுபிடித்தான். அல்லது பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள். என் முறை வரும்போதெல்லாம் காதோரம் வந்து சொல்வான்: "கயிறு மேல போ பாப்பா."

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நாட்டி டாக் என்ற அமெரிக்க நிறுவனத்தினர். ஆண்டி கேவின், ஜேசன் ரூபின் என்ற இரண்டு பள்ளிக்கூட நண்பர்கள் தொடங்கிய நிறுவனம் அது. 1994-ல் பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வீடு மாற்றிக்கொண்டு காரில் போகும் வழியில் பேசிப் பேசி உருவான யோசனை இது. அதுவரை இந்த வகை ஆட்டங்களில் பாத்திரம் பக்கவாட்டில், இடமிருந்து வலமாக ஓடும். அவனைத் திரைக்குள்ளே, நம்மைவிட்டு விலகி ஓடவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலும் அவன் முதுகுதான் தெரியும். அதனால் முகம் தெரிகிற நேரத்தில் அது நன்றாகப் பேச வேண்டும் என்று தலையைப் பெரிதாக, கழுத்தே இல்லாமல் வடிவமைத்தார்கள்.

பிளேஸ்டேஷனின் நினைவகம் வெறும் 2 எம்.பி.  அவர்களுடைய கட்டங்களோ அதைவிடப் பல மடங்கு பெரியவை. எனவே க்ராஷ் ஓட ஓட, அடுத்து வரும் மரமும் பாறையும் சிடியிலிருந்து சிறு சிறு துண்டாக உள்ளே வரும்படி எழுதினார்கள். கடந்துபோனது வெளியே தள்ளப்படும். முதல் ஆட்டம் 1996-ல் வந்தது, இரண்டாவது 1997-ல், மூன்றாவது 1998-ல். வருடத்துக்கு ஒன்று.

இன்னொரு விஷயம். இது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். ஒரே இடத்தில் நாம் திரும்பத் திரும்பச் செத்தால், ஆட்டம் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஓர் அடியைத் தாங்கும் முகமூடி தானாக வந்து நிற்கும். செக்பாயிண்ட் கொஞ்சம் அருகே வந்திருக்கும். "உனக்கு உதவி செய்கிறேன்" என்று திரையில் ஒரு வரிகூட வராது. நன்றாக ஆடுகிறவனுக்கு அந்த உதவி கிடைக்காது, அப்படியொன்று இருப்பதும் தெரியாது. சின்ன வயதில் நான் அதை 'சாமி முகமூடி' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொண்டால் வரும் என்று நம்பினேன்.

சரி, நாலாவது ஏன் இத்தனை வருடம் வரவில்லை?

பெற்றவர்களிடம் பிள்ளை இல்லை என்பதுதான் காரணம். க்ராஷை உருவாக்கியது நாட்டி டாக், வெளியிட்டது சோனி. ஆனால் பாத்திரத்தின் உரிமை யுனிவர்சல் இன்டராக்டிவ் என்ற மூன்றாவது நிறுவனத்திடம் இருந்தது. 2001-ல் சோனி நாட்டி டாக்கை வாங்கிக்கொண்டது. அவர்கள் வேறு ஆட்டங்களுக்குப் போய்விட்டார்கள். க்ராஷ் யுனிவர்சலோடு நின்றுவிட்டான். பிறகு அந்த உரிமை விவெண்டியின் கைக்குப் போய், 2008-ல் நடந்த இணைப்பில் ஆக்டிவிஷனிடம் சேர்ந்தது. இடையில் வேறு வேறு குழுவினர் அவன் பெயரில் சில ஆட்டங்கள் செய்தார்கள். நாங்களும் ஒன்றிரண்டு ஆடிப் பார்த்தோம். பழைய வீட்டில் புதுக் குடித்தனக்காரர் வந்த மாதிரி இருந்தது. சுவர் அதேதான், ஆனால் நம் வீடு இல்லை. 2008-க்குப் பிறகு பல வருடங்கள் அவன் பெயரில் பெரிய ஆட்டம் எதுவும் வரவில்லை.

2016-ல் நாட்டி டாக் தங்களுடைய அன்சார்ட்டெட் 4 ஆட்டத்தில் ஒரு சின்ன விஷயம் செய்தார்கள். அதில் ஒரு கணவனும் மனைவியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கணவன் பழைய பிளேஸ்டேஷனில் க்ராஷ் ஆடுவான்.  நாமே அவனாக அந்தப் பழைய முதல் ஆட்டத்தில் கொஞ்ச தூரம் ஓடலாம். விட்டுப்போன பிள்ளையை, பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு மணி நேரம் தூக்கிவைத்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. மறுவருடம், 2017 ஜூன் 30 அன்று, பழைய மூன்று ஆட்டங்களும் புதுப்பொலிவோடு மறுபடி வெளிவந்தன. அது நன்றாக விற்ற பிறகுதான் நாலாவதற்கு வழி பிறந்தது.

2020 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி அன்று வந்தது க்ராஷ் பண்டிகூட் 4. செய்தவர்கள் டாய்ஸ் ஃபார் பாப் என்ற கலிஃபோர்னியக் குழுவினர். அதன் துணைத் தலைப்புக்கு இரண்டு அர்த்தம்: 'இது காலத்தைப் பற்றிய கதை' என்றும் படிக்கலாம், 'ஒருவழியாக வந்தாயே!' என்றும் படிக்கலாம். நடுவில் வந்த ஆட்டங்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, 1998-ல் மூன்றாவது ஆட்டம் முடிந்த இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள். 22 வருடம் கழித்து.

அந்த அக்டோபர் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பார்க் பூட்டியிருந்தது. வேலைக்கார அம்மாக்களை உள்ளே விடலாமா என்று நாம் வாரம் ஒரு ஜூம் மீட்டிங் போட்டுக்கொண்டிருந்தோம். என் பையனுக்கு ஏழு வயது. ஆன்லைன் கிளாஸ் முடிந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நானும் அதே மாதிரிதான். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நானும் அண்ணனும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

2018-ல் அப்பா போனார். காரியம் முடிந்த பதினாறாம் நாளே திருச்சி வீட்டுப் பேச்சு வந்தது. விற்கலாம் என்றேன் நான். இருக்கட்டும் என்றான் அவன். நடுவில் யார் அப்பாவைப் பார்த்துக்கொண்டது, யார் டொரன்டோவிலிருந்து பணம் மட்டும் அனுப்பியது என்ற பேச்செல்லாம் வந்துவிட்டது. அதை முதலில் சொன்னது நான்தான். அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. தீபாவளிக்கு ஒரு ஃபார்வர்ட் படம் போகும், ஒரு ஃபார்வர்ட் படம் வரும்.

ஆட்டத்தை வாங்கினேன். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். முதல் திரையிலேயே ஆட்டம் ஒரு கேள்வி கேட்கும்: நவீன முறையா, பழைய முறையா? பழைய முறையில் உயிர்கள் எண்ணித்தான் கிடைக்கும், தீர்ந்தால் கட்டத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். நவீன முறையில் எத்தனை முறை வேண்டுமானாலும் விழலாம். ஆனால் எத்தனை முறை விழுந்தோம் என்ற கணக்கு மட்டும் ஓரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். குதிக்கும்போது எங்கே இறங்குவோம் என்று தெரிய, நிழலைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் வைத்திருந்தார்கள். பழைய ஆட்டத்தில் தூரம் தெரியாமல் எத்தனை தடவை விழுந்திருக்கிறோம்! அதை நினைவில் வைத்திருந்த யாரோ ஒருவர்தான் இதைச் செய்திருக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஆட்டம் ரொம்பவே கடினம். காலத்தை மெதுவாக்கும் முகமூடி, தலைகீழாக நடக்கவைக்கும் முகமூடி என்று நான்கு புது முகமூடிகள் உண்டு. இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடங்களில் என் விரல்கள் மறுத்துவிட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறைகூடச் சாகாமல் உடைத்தால் தனிப் பரிசு. சில கட்டங்களில் நூற்றுக்கணக்கான பெட்டிகள். எல்லாவற்றையும் முடித்தால் 106 சதவீதம் என்று காட்டும். நான் பாதிகூடத் தொடவில்லை. முப்பது வயதுக்கு மேல் எல்லாப் பெட்டியையும் உடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று விட்டுவிட்டேன்.

மெனுவில் ஓர் ஆட்ட முறையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே கன்ட்ரோலரை நான்கு பேர் வரை கைமாற்றி ஆடும் முறை. ஒருவர் செத்தால் அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லி ஆட்டமே அறிவிக்கும். "ஆளுக்கு ஒரு லைஃப். செத்தா கைமாத்தணும்." எங்கள் அம்மா போட்ட சட்டம்! திருச்சியில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க ஒரே கன்ட்ரோலர் இருந்த வீடுகளில் எல்லாம் ஏதோ ஒரு அம்மா அதே சட்டத்தைப் போட்டிருக்கிறார் போலிருக்கிறது. அதை ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

அன்றிரவு ஒரு கட்டத்தில் 47 தடவை விழுந்தேன். அந்த எண்ணோடு திரையைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எதுவும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. படுத்துவிட்டேன்.

காலையில் ஒரே ஒரு வரி வந்திருந்தது: "கயிறு மேல போ பாப்பா."

அந்தக் கட்டத்தில் கயிறே கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசினோம். வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அவன் அங்கே ஆட, என் பையன் இங்கே ஆட, நான் நடுவில் ஸ்கோர் சொன்னேன். சாமி முகமூடி உண்மையில் எப்படி வந்தது என்று நான் படித்ததை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் சில தடவை வேணும்னேதான் செத்தேன், உன் முறை சீக்கிரம் வரட்டும்னு" என்றான். "எத்தனை தடவை?" என்று கேட்டேன். "சில தடவைதான். மத்ததெல்லாம் நிஜமாவே செத்தேன்" என்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி உங்கள் கைத்தட்டலை வாங்க மாட்டேன். திருச்சி வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது பேசிக்கொண்டே முடிக்காமல் இருக்கிறோம். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். போன டிசம்பரில் அவன் வந்திருந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பையனிடம் வரிசையாக ஆறு தடவை தோற்றுவிட்டு, "கன்ட்ரோலர் சரியில்லை" என்றான். அது மட்டும் 1999-லிருந்து மாறவே இல்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். போன பொதுக்குழுவில் இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று, பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் கேம் ஆடுகிறார்கள். இரண்டு, கிளப் ஹவுஸ் டிவியை யாரும் பார்ப்பதில்லை, எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலமாரி வைக்கலாம். இரண்டு புகாரும் நியாயமானவை. அலமாரிக்கு முன்னால் ஒரு மூன்று மாதம் எனக்குக் கொடுங்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து முதல் ஏழு வரை. என் வீட்டுப் பெட்டியை நான் கொண்டுவருகிறேன். சங்கத்துக்குச் செலவு ஒரு பைசா இல்லை. நிபந்தனை இரண்டே இரண்டு. ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கும். குழந்தை தனியாக வரக்கூடாது, வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவர வேண்டும். பெரியவரும் ஆட வேண்டும், சும்மா பார்க்கக்கூடாது. தாத்தா பாட்டி வந்தால் முதல் முறை அவர்களுக்கு. பெட்டிமேல் போட்டிருக்கும் வயதுக் குறியைப் பார்த்துத்தான் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்போம்.

வீட்டுக்கும் ஒரு யோசனை. பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது "போதும், வை" என்று சட்டென்று பிடுங்காதீர்கள். எங்கள் காலத்துக் கரன்ட் கட் மாதிரிதான் அது அவர்களுக்கு. "அடுத்த செக்பாயிண்ட் வந்ததும் நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள். செக்பாயிண்ட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்பதே அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். பெரும்பாலும் நிறுத்துவார்கள். நிறுத்தவில்லை என்றால் பிடுங்குங்கள், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செக்யூரிட்டி மேஜையில் இருக்கும் நோட்டில் எழுதலாம். முதல் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. லிஃப்டில் என்னைப் பிடித்த அந்த பி பிளாக் மாமாதான். பேரனோடு வருகிறாராம். "பெருச்சாளியைப் பிடிக்கத்தான் முடியல, ஓட்டியாவது பார்க்கிறேன்" என்றார்.